நான் தாண்டிவிட்ட மூன்று சோதனைகள்

கண்ணு,

கல்யாணத்துக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. இந்த நேரத்தில் அம்மாவிடமிருந்து கடிதம் வந்தால், வேன் எத்தனை வேண்டும், மாலைக்கு யாரிடம் சொல்வது என்று எழுதியிருப்பாள் என்றுதான் நினைப்பாய். அதற்கெல்லாம் போன் இருக்கிறது. இது போனில் சொல்ல முடியாதது. போனில் ஆரம்பித்தால் பாதியில் நீ "சரி விடும்மா" என்பாய், நானும் சந்தோஷமாக விட்டுவிடுவேன். பதினேழு வருஷமாக அப்படி விட்டுவிட்டுத்தான் இருக்கிறேன். காகிதம் குறுக்கே பேசாது என்பதால் எழுதுகிறேன். மூச்சு வாங்கிக்கொண்டு கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்.

நிச்சயதார்த்தத்தன்று குன்னூரில் பெண் வீட்டுக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது நீ என்னைப் பற்றி ஒரு கதை சொன்னாய். "எங்கம்மா எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். கம்ப்யூட்டர் கிளாஸ் பக்கமே போனதில்லை. பந்தலூர்ல தனியாளா உட்கார்ந்து, ஒரு ஜாவா வெப் சர்வரை மூலநிரல்ல இருந்து பில்ட் பண்ணி ஓட்டுனாங்க. அதுலதான் சிலோன்ல இருந்து வந்த ஒரு அண்ணனும் தங்கச்சியும் முப்பது வருஷம் கழிச்சு ஒண்ணு சேர்ந்தாங்க" என்று சொன்னாய். பெண்ணின் அப்பா எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டார். நான் காப்பி டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். அடக்கம் என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு அடக்கம் எந்தக் காலத்தில் இருந்தது? நீ சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் நடுவில் ஐந்து மாதம் இல்லை. அந்த ஐந்து மாதத்தை உன்னிடம் சொல்லாமல் விட்டவள் நான்தான்.

நீ அப்போது ஆறாம் வகுப்பு. பச்சைத் தேயிலை விலை படுத்துவிட்ட வருஷங்கள் அவை. கொழுந்துக்குக் கிடைக்கிற விலை பறிக்கிற கூலிக்கே காணாது என்று சிறு தோட்டக்காரர்கள் பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவில் நிற்க வேண்டிய செடி ஆளுயரத்துக்கு வளர்ந்து பூத்துக் காய்த்து நின்றது. நம் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. காலை பஸ்ஸில் பாயும் பாத்திரமுமாகக் குடும்பம் குடும்பமாகத் திருப்பூருக்குக் கிளம்பினார்கள். ஆபீசில் எனக்கும் வேலை குறைந்தது. இருபது வருஷமாக நான் எழுதிய செக்ரோலில், அதுதான் யார் வேலைக்கு வந்தார்கள் என்ற வருகைப் பட்டியலில், பக்கத்துக்குப் பக்கம் பெயர்கள் உதிர்ந்துகொண்டே வந்தன.

லயம், அதுதான் கூலிக்காரர்களின் வரிசை வீடுகள், காலியாவதில் எல்லோரையும் விட அதிகம் கலங்கியவர்கள் சிலோனிலிருந்து வந்தவர்கள்தான். கப்பலில் வந்தபோதே குடும்பங்கள் பிரிந்திருந்தன. அண்ணனுக்கு இந்தியா என்று குடியுரிமைத் தாள் வரும், தங்கை புருஷனுக்கு வராது. ஆறு வருஷம் கழித்து அவளும் வருவாள், மண்டபம் முகாமிலிருந்து வேறெங்கோ அனுப்பிவிடுவார்கள். இவர்களிடம் இருந்த ஒரே விலாசம் லயத்துக் காம்பரா நம்பர், அதாவது அறை எண். அதையும் விட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டால் யார் யாரைத் தேடுவது? அதனால்தான் அவர்களுடைய சங்கத்தில் ஒரு யோசனை செய்தார்கள். பந்தலூரிலும் கோத்தகிரியிலும் கோயம்புத்தூரிலும் பெயர்களைத் திரட்டி, சிலோனில் எந்தத் தோட்டம், எந்தக் கப்பலில் வந்தார்கள், இப்போது எங்கே என்று ஒரே பட்டியலாக்கி, கம்ப்யூட்டரில் தேடிப் பார்க்க வைப்பது என்று. எங்கள் மேனேஜர் ஆபீசின் பழைய கம்ப்யூட்டரைச் சங்கத்துக்குக் கொடுத்தார். அதைத் துடைத்துவைக்கத் தெரிந்த ஒரே ஆள் என்பதால் வாரத்துக்கு இரண்டு நாள் என்னையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார்.

தேடுகிற நிரலைக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி ஆசிரியர் எழுதினார். அவரை நான் சார் என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டதால் இங்கேயும் சார்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம் என்று உலகத்துக்குத் திறந்து வைத்திருந்த ஒரு ஜாவா வெப் சர்வரை எடுத்து, முத்தையா என்று எழுதினாலும் முத்தய்யா என்று எழுதினாலும் ஒரே ஆளைக் காட்டுகிற மாதிரி அதில் தன் வேலையைச் சேர்த்திருந்தார். அதனால் அது தயாராகக் கிடைக்காது, மூலநிரலாகத்தான் கிடைக்கும் என்றார். எனக்குப் புரியவில்லை. "கடையில தூளா வாங்குறது ஒண்ணுங்க, கொழுந்தா வாங்குறது ஒண்ணுங்க. உங்களுக்கு நான் கொழுந்து அனுப்பறேன். வாட வச்சு, அரைச்சு, காய வச்சுத் தூளாக்கறது உங்க பாடு" என்றார். ஒரு குறுந்தட்டும் நாலு பக்கம் அச்சடித்த குறிப்பும் பஸ்ஸில் வந்து சேர்ந்தன.

அந்த நாலு பக்கத்தோடு நான் பட்ட பாட்டை நீ இப்போது கேட்டால் சிரிப்பாய். ஜாவா எந்த இடத்தில் இருக்கிறது என்று மெஷினுக்கு ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். சொன்னேன். ஜாவாவையே காணோம் என்றது. அந்த இடத்தின் பெயரில் இரண்டு சொல்லுக்கு நடுவே ஓர் இடைவெளி இருந்ததாம், மெஷின் முதல் சொல்லோடு நின்றுவிட்டதாம். அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள். அப்புறம் கட்டுகிற கருவி. எறும்பு என்று அர்த்தம் வருகிற ஆங்கிலப் பெயர் அதற்கு. கட்டுவதற்கு என்னென்ன துணை நிரல்கள் வேண்டுமோ அவற்றை இன்டர்நெட்டிலிருந்து தானே இழுத்து வரும். ஆனால் சங்கத்துக்கு இருந்தது ஒரே டெலிபோன் லைன். யாராவது கூப்பிட்டால் எறும்பு பாதி வழியில் செத்துவிடும். மழை பெய்தால் யாரும் கூப்பிடாமலே செத்துவிடும். பந்தலூர் மழையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசி வரியில் 'பில்ட் ஃபெயில்டு' என்று வரும். அந்த இரண்டு சொல்லை நான் என் பெயரை விட அதிகம் வாசித்திருக்கிறேன். ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது கண்ணு. செக்ரோல் எழுதுவதில் எதுவும் என்னால் உண்டாவதில்லை. இது என் கையால் உண்டாகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது வாரத்தில் எல்லாம் கூடி வந்தது. கட்டி முடித்ததும் அது தன்னைத்தானே சோதித்துப் பார்க்கும். சின்னச் சின்னச் சோதனைகள், இருநூற்றுச் சொச்சம். ஒவ்வொன்றாகத் தேறிக்கொண்டே வந்து மூன்றில் மட்டும் தோற்றது. மூன்றின் பெயரிலும் 'என்கோடிங்' என்று ஒரு சொல் இருந்தது. எனக்கு அதன் அர்த்தம் தெரியாது. சாருக்குப் போன் போட்டேன். பரீட்சை மேற்பார்வைக்கு வெளியூர் போயிருந்தார், திங்கட்கிழமைதான் வருவார். திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை. மைக் செட்டுக்குச் சொல்லியாகிவிட்டது, நாடுகாணியிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவதாகச் செய்தி. குறிப்பின் நாலாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருந்தது: அவசரமென்றால் சோதனைகளைத் தாண்டிப் போக இப்படிக் கட்டளை கொடுக்கலாம், பிறகு கட்டாயம் ஓட்டிப் பார்க்கவும். அவசரம் என்ற சொல்லை நன்றாகப் படித்தேன். பிறகு என்பதையும் படித்தேன். கட்டாயம் என்பது என் கண்ணில் படவில்லை. தாண்டிப் போகச் சொன்னேன், தாண்டியது. 'பில்ட் சக்ஸஸ்ஃபுல்' என்று வந்தது. பக்கத்து அறைக்கு ஓடிப்போய் எல்லோரையும் கூட்டிவந்து காட்டினேன்.

சர்வரை ஓடவிட்டு, தேடும் பக்கத்தைத் திறந்து, என் கையால் ஒரு பெயரைத் தேடிப் பார்த்தேன். வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படி, நான் செய்த தப்பில் பாதி இங்கேதான் இருக்கிறது. நான் தேடிய பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்தில். செக்ரோலில் இருபது வருஷம் ராக்கம்மா, மாரியாயி, முத்தையா எல்லோரையும் ஆங்கில எழுத்தில்தான் எழுதியிருந்தேன். துரைமார் வைத்துப் போன பழக்கம். அந்தப் பெயருக்குரியவர்களில் ஒருவருக்கும் அதைப் படிக்கத் தெரியாது என்பது எனக்கு ஒரு விஷயமாகவே பட்டதில்லை. பந்தலூர்ப் பட்டியலையும் பழைய செக்ரோலைப் பார்த்து அப்படியே ஏற்றியிருந்தேன். கோத்தகிரிப் பட்டியல் மட்டும் தமிழில் தட்டச்சாகி வட்டில் வந்தது. திறந்து பார்த்தால் தமிழ் அழகாகத் தெரிந்தது, அதோடு விட்டுவிட்டேன். தமிழில் ஒரே ஒரு பெயரைத் தேடிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. அந்த மக்களுக்காகவே செய்த ஒரு காரியத்தை அவர்கள் எழுத்தில் சோதிக்காமல் துரை எழுத்தில் சோதித்தேன்.

விழா முடிந்த மறுவாரம், பங்குனி மாதம், முத்தையா வந்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தி பிடித்துக் காய்த்த கை, ஐம்பத்தெட்டு வயது இருக்கும். மனைவி போய்விட்டாள், மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான், வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். இவர் போகவில்லை. தங்கை மாரியாயி எப்போதாவது தேடி வந்தால் பழைய லயத்துக்குத்தானே வருவாள் என்று பாதி காலியான லயத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். பெயர், புருஷன் பெயர், சிலோனில் இருந்த தோட்டம் எல்லாம் சொன்னார். ஆங்கிலத்தில் தேடினேன், இல்லை. கோத்தகிரிப் பட்டியலுக்காகத் தமிழில் தேடினேன். 'பதிவு இல்லை' என்று வந்தது.

"நல்லாப் பாருங்க தாயி."

எழுத்தை மாற்றி மாற்றி இன்னும் இரண்டு தடவை பார்த்தேன். "பதிவு இல்லைன்னுதானுங்க வருது."

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "இல்லைன்னா என்னங்க தாயி? பேரு இல்லைங்களா, ஆளே இல்லைங்களா?"

அவருக்குப் பின்னால் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். நான் சொன்னேன்: "மெஷின் இல்லைன்னா இல்லைதானுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "நல்லதுங்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். மறுமாதம் செக்ரோலில் அவர் பெயரை அடித்தேன். திருப்பூருக்குப் போய்விட்டார் என்றார்கள். எஸ்டேட்டில் அந்த மாதம் போனவர்களில் ஒருவர், அவ்வளவுதான் நினைத்தேன்.

ஆவணியில் ராக்கம்மா வந்தாள். கொழுந்து பறிக்கிறவள், வாய் அதிகம், சிலோனில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். "எனக்கு வாசிக்கத் தெரியிற எழுத்துல என் பேரைப் போடு" என்று சண்டை பிடித்து, போன வாரப் பட்டியலில் அவள் பெயரைத் தமிழில் தட்ட வைத்திருந்தாள். அது ஏறிவிட்டதா என்று பார்க்க வந்தாள். தேடினேன். 'பதிவு இல்லை' என்று வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "நான் இங்கதான நிக்கிறேன். இது என்னா, ஆளை முன்னால வச்சுக்கிட்டே இல்லைங்குது?" வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

சர்வர் தன்னிடம் யார் என்ன கேட்டார்கள் என்று ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே வரும். அதைத் திறந்தேன். ஆங்கிலத்தில் தேடிய பெயர்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன. தமிழில் தேடிய இடத்தில் எல்லாம் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். ராக்கம்மா இருக்க வேண்டிய இடத்திலும் கேள்விக்குறிகள்தான். பங்குனிக்குப் போனேன். முத்தையாவின் தங்கை மூன்று தடவை கேள்விக்குறியாக நின்றிருந்தாள். நாங்கள் தமிழில் கேட்டது எதுவும் அதன் காதில் விழவே இல்லை. ஐந்து மாதமாகக் கேள்விக்குறி என்ற பெயரில் யாராவது இருக்கிறார்களா என்று தேடிவிட்டு, நேர்மையாக இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது.

சாரைக் கூப்பிட்டேன். என்கோடிங் என்றால் எழுத்து முறையாம். இரண்டு இடத்தில் திருத்தம். கட்டும்போது நிரல்களை எந்த எழுத்து முறையில் படிக்க வேண்டும் என்று ஒரு வரி, சர்வரின் அமைப்புக் கோப்பில் முகவரியை எந்த முறையில் படிக்க வேண்டும் என்று ஒரு சொல். கால்மணி நேர வேலை. "டெஸ்ட் ஓட்டுனீங்கள்ல? அதுல காமிச்சிருக்குமே. அந்த மூணும் அதுக்குன்னே நான் எழுதி வச்சதுங்க" என்றார். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்டது. திருத்திக் கட்டி, இந்தத் தடவை எதையும் தாண்டாமல் ஓட்டினேன். எல்லாம் தேறியது. 'பதிவு இல்லை' என்ற வாசகத்தையும் எடுத்துவிட்டு 'இதுவரை கிடைக்கவில்லை' என்று மாற்றினேன். பிறகு ஐந்து மாதமாக இல்லை என்று சொல்லி அனுப்பிய அத்தனை பேரும் கேட்ட பெயர்களை, நான் குறித்து வைத்திருந்த நோட்டைப் பார்த்து மறுபடி தேடினேன். மாரியாயி முதல் பக்கத்திலேயே வந்தாள். கோத்தகிரிக்குப் பக்கத்தில், இதே மாவட்டத்தில், நம் வீட்டிலிருந்து ஒரு நாள் பஸ் தூரத்தில் இருந்தாள்.

முத்தையாவிடம் போன் கிடையாது. உன்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நானும் உன் அப்பாவும் திருப்பூருக்குப் போனோம். உனக்கு நினைவிருக்கும், பனியன் வாங்கி வந்தோம் என்று குதித்தாய். பஸ்ஸில் உன் அப்பாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். "போன ஒடனே சொல்லிப்போடு. தள்ளிப் போட்டீன்னா அப்புறம் வாய் வராது" என்றார். சரி என்றேன்.

கம்பெனி வாசலில் அவர் மகன்தான் முதலில் வந்தான். அத்தை உயிரோடு இருக்கிறாள் என்று நான் சொன்னதும், "ஆடி அமாவாசைக்கு அப்பா பவானி கூடுதுறைக்குப் போய் அத்தைக்குத் தண்ணி விட்டுட்டு வந்துட்டாருங்களே" என்றான். மெஷினே இல்லை என்று சொல்லிவிட்டது, இனி அவளுக்கென்று எள்ளும் தண்ணீரும் விட வேறு யார் இருக்கிறார்கள் என்று தலை முழுகிக் காரியம் செய்துவிட்டு வந்திருக்கிறார். உயிரோடு இருக்கிற தங்கைக்கு.

அவர் வந்தார். நான் சொன்னேன். உன் அப்பா பஸ்ஸில் சொன்னதை அல்ல, இதை: "மெஷின்ல என்னமோ கோளாறுங்க. இப்பச் சரியாகிப் போச்சுங்க." அவ்வளவுதான் வந்தது வாயில். அவர் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "தண்ணி விட்டது அவளுக்குத் தெரிய வேண்டாம் தாயி. உசுரோட இருக்கிறவளுக்குச் செய்யக்கூடாததைச் செஞ்சுட்டேன். அவசரப்பட்டுட்டேன்" என்றார். அவசரப்பட்டது யார் என்று எனக்குத் தெரியும். "நான் எதுக்குங்க சொல்றேன்" என்றேன். அவர் மறைத்தது எனக்கு வசதியாக இருந்தது. அது என் மறைப்புக்கும் மூடி போட்டுக் கொடுத்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ சொல்கிற கதை. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் இருவரும் பார்த்துக்கொண்டது, ஒருவர் தலையை ஒருவர் தடவிக்கொண்டே நின்றது, அவர் திருப்பூரை விட்டுத் தங்கை வீட்டோடு வந்துவிட்டது, சங்கத்தில் எனக்குச் சால்வை போட்டது. நீ அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாய். ஆடி வந்தால் உன் அப்பா என்னைப் பார்த்து, "சொல்லியாச்சா?" என்று ஒரே ஒரு தடவை கேட்பார். நான் அடுப்பைப் பார்ப்பேன். பதினேழு ஆடி அப்படிப் போயிற்று.

போன மாதம் நீ வந்திருந்தபோது வாசலில் நடந்துகொண்டே போனில் யாருக்கோ சொன்னாய்: "டெஸ்ட்டை ஸ்கிப் பண்ணிட்டுப் போட்டுவிடுங்க, திங்கக்கிழமை பாத்துக்கலாம்." கேட்டுக்கொண்டேதான் பீன்ஸ் நறுக்கினேன். நிச்சயதார்த்தக் கதையும் அந்தப் போனும் சேர்ந்துதான் என்னைக் கிளப்பின. போன புதன்கிழமை, முதல் பத்திரிகையை எடுத்துக்கொண்டு கோத்தகிரிக்குப் போனேன். முத்தையாவுக்கு எழுபத்தைந்து ஆகிவிட்டது. வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். மாரியாயி உள்ளே காரட் நறுக்கிக்கொண்டிருந்தாள். பத்திரிகையைக் கொடுத்துவிட்டு, மூன்று சோதனை, நாலாம் பக்கம், ஆங்கில எழுத்து, வரிசையில் நின்ற பன்னிரண்டு பேர் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேள்விக்குறி வரைக்கும் சொன்னேன். அவருக்கு மெஷின் விஷயம் எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கடைசியில் ஒன்று கேட்டார்.

"அப்ப, அன்னைக்கு அவ பேரு உள்ளதான் இருந்திச்சா?"

"இருந்துச்சுங்க. நான்தான் சரியாப் பாக்காம உங்களை அனுப்பிப்போட்டேன்."

அவர் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். "அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாக்கூட நான் விட்ட தண்ணிதான்னு நெனைப்பேன் தாயி. ரெண்டு வருசம் முன்னால ஆசுபத்திரியில கெடந்தாளே, அந்தப் பத்து நாளும் நான் சோறு திங்கல. ஆடி அமாவாசைக்கு நான் ஏன் பட்டினி கெடக்கிறேன்னு இன்னைக்கு வரைக்கும் அவளுக்குத் தெரியாது. நம்பிக்கை இல்லாமத் தங்கச்சியைத் தலைமுழுகுனவன்னு நெனைச்சுக்கிட்டே இருந்துட்டேன்." பிறகு மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே தாயி."

கண்ணு, சோதனையைத் தாண்டியதற்கு என்னிடம் காரணம் இருக்கிறது. விழா, மைக் செட், சார் ஊரில் இல்லை, எனக்கு அர்த்தம் தெரியாது. யாராக இருந்தாலும் மன்னித்துவிடுவார்கள், அவரும் மன்னித்திருப்பார். திருப்பூரில் கம்பெனி வாசலில் நின்று கோளாறு என்று சொன்னேனே, அதற்குக் காரணம் ஒன்றும் இல்லை. என் பெயர் கெடக்கூடாது என்பதைத் தவிர. முதல் தப்பு அவருக்கு ஐந்து மாதம் ஆனது. இரண்டாவது பதினேழு வருஷம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, அதை அப்படியே எழுதுகிறேன்.

அவர் உள்ளே பார்த்து, "ஏய், இங்க வா" என்று கூப்பிட்டார். மாரியாயி கத்தியோடு வந்து நின்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார், மெஷினில் 'பதிவு இல்லை' என்று வந்தது, கூடுதுறை, எள்ளு, தண்ணீர் எல்லாம். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஆசுபத்திரிக்கு எமன் வந்து பாத்திருப்பான். பதிவு இல்லைன்னு வந்திருக்கும். போயிட்டான்" என்றாள். முத்தையா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பஸ் ஸ்டாண்டில் கூட அவர் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொண்டே இருந்தாள். இந்த ஆடிக்கு ஒழுங்காகச் சோறு தின்ன வேண்டும் என்று அதட்டினாள்.

உனக்குச் சொல்ல வந்தது அதிகம் இல்லை. உன் வேலையில் அவசரம் இருக்கும், சில சமயம் தாண்டித்தான் போக வேண்டியிருக்கும். தாண்டாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. தாண்டினால் தாண்டினேன் என்று அன்றைக்கே சொல். உன் ஆபீசில் மேலே இருக்கிறவனிடம் சொல்வது இரண்டாவது. யார் வரிசையில் வந்து நின்று கேட்பார்களோ அவர்களிடம் முதலில். வரப்போகிறவளிடமும் அப்படியே இரு. கல்யாணமான புதிதில் கோளாறு என்று ஒரு சொல் சொல்லித் தப்பித்துக்கொள்வது சுலபம். அவளும் நம்பிவிடுவாள், அதுதான் ஆபத்து.

அண்ணனும் தங்கையும் கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேன் அனுப்பு, பஸ்ஸில் வர வைக்காதே. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது உன் மாமனார் அந்தக் கதையை மறுபடி சொல்லச் சொல்வார், பார். சொல். இந்தத் தடவை பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் ஒரு மாதத்தையும் விடாமல் சொல். நான் முன்னாலேயேதான் உட்கார்ந்திருப்பேன், எழுந்து போகமாட்டேன். முத்தையாவுக்கு இடது காது கேட்காது. அவருக்கு வலப்பக்கமாக நின்று, சத்தமாகச் சொல்.

அம்மா